மின் எலிப்பொறி வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அடுக்களையிலும் பரணிலும் எலித் தொல்லை மிகுந்துவிட்டது. சென்ற ஆண்டு வரை எலி மருந்து வைத்துவந்தோம். இப்போது வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் அதை நிறுத்திவிட்டோம். பேட்டரியில் இயங்கும் மின் எலிப்பொறியை நம்பி வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தை நிறுத்தியது மிகச் சரியான முடிவு. பற்பசை போலக் குழாயில் அடைத்து விற்கப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்து கல்லீரலை அழிக்கக்கூடியது. அதற்கென்று தனி மாற்று மருந்தும் கிடையாது. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நஞ்சுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பொறியைப் பொறுத்தவரை, வாங்கலாமா என்பதற்கு முன் உங்கள் வீட்டுக்கு வருவது எந்த எலி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கடைகளில் கிடைக்கும் மின்பொறிகளில் பெரும்பாலானவை சுண்டெலியின் அளவுக்குச் செய்யப்பட்டவை. அடையாளம் காண எளிய வழி புழுக்கைதான். அரிசி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ, 3 முதல் 6 மி.மீ. நீளத்தில் இருந்தால் சுண்டெலி. ஏறத்தாழ 12 மி.மீ. நீளத்தில், இரு முனையும் கூர்ந்து இருந்தால் அது பரணிலும் ஓட்டுச் சட்டத்திலும் ஓடும் வீட்டெலி. கொல்லையில் மண்ணைக் குவியலாகத் தள்ளி வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி இனமாக இருக்கும். அதற்குச் சிறிய மின்பொறி உதவாது, முழு உடலும் உள்ளே நுழையாமல் அரைகுறையாக அதிர்ச்சி பட்டு ஓடிவிடும். நீண்ட மூக்கும் கடும் நெடியும் கொண்டு, கீச்சென்று கத்தியபடி சுவரோரமாகப் போவது மூஞ்சூறு. அது எலியே அன்று. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழும் அந்தப் பிராணியைக் கொல்ல வேண்டிய தேவையில்லை, வெளியே போக வழி விட்டால் போதும்.

சுண்டெலிதான் என்றால் மின்பொறி நன்றாகவே வேலை செய்யும். அது ஒரு சிறிய நீள்பெட்டி. தரையில் இரண்டு அல்லது மூன்று உலோகத் தகடுகள் இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். இரை பெட்டியின் கடைசி மூலையில் இருக்கும். இரையைத் தேடிப் போகும் எலியின் முன்னங்காலும் பின்னங்காலும் வெவ்வேறு தகடுகளில் படும்போது மின்சுற்று அதை உணர்ந்து, பேட்டரி செல்களிலிருந்து வரும் 6 வோல்ட்டைச் சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் குறிப்பிட்ட நேரம் பாய்ச்சிவிட்டு நின்றுவிடும். பிறகு ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்து, உள்ளே எலி இருப்பதைக் காட்டும். மருந்து தின்ற எலி எங்கோ சுவரிடுக்கில் செத்து நாறுவது போன்ற தொல்லை இதில் இல்லை; செத்த எலி பெட்டிக்குள்ளேயே இருக்கும்; அதைத் தின்னும் காகமோ கூகையோ நஞ்சுண்டு சாவதும் இல்லை.

குழந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயமே. செல்லில் இயங்கும் பொறி உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்டதன்று என்றாலும், பிஞ்சு விரல் உள்ளே போனால் வலிமிக்க அதிர்ச்சி ஏற்படும். ஆகையால் மூடியைத் திறந்த உடனே மின்சாரம் தானாக நின்றுவிடும் அமைப்புள்ள பொறியையே வாங்குங்கள். இரவில் எல்லோரும் படுத்த பிறகு வைத்து, விடிந்ததும் நிறுத்திவிட்டு உயரமான இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் யாருக்கேனும் இதயத்துடிப்புக் கருவி பொருத்தியிருந்தால் அவர் இந்தப் பொறியைக் கையாள வேண்டாம். பரணில் ஓடும் வீட்டெலிக்கு இதே வகையில் பெரிய பெட்டி தனியாகக் கிடைக்கிறது. வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கியே போகும் இயல்புடையது. எனவே முதல் சில இரவுகள் பொறியை இயக்காமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள். அது இரையை எடுக்கத் தொடங்கிய பிறகு இயக்கினால் பலன் இருக்கும். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். புதியது எதைக் கண்டாலும் அது நுழைந்து பார்த்துவிடும்.

கேள்வி: மின்பொறி வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. சில நாள் காலையில் விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே எலி இல்லை. சில நாள் இரை மட்டும் காணாமல் போயிருக்கிறது. பொறி பழுதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது, வைக்கும் முறையில்தான் கோளாறு இருக்கும். எவ்வளவு இரை வைக்கிறீர்கள், என்ன இரை வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் பழக்கமானது மசால் வடை. கூண்டுப்பொறிக்கு அது பொருத்தமானதே, ஆனால் மின்பொறிக்கு ஆகாது. வடையின் எண்ணெயும் உதிரும் துகளும் தகடுகளின் மேல் படிந்தால் எலியின் காலுக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு சரியாக ஏற்படாது. உப்பும் ஈரமும் சேர்ந்த துணுக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவே விழுந்தாலோ எலி இல்லாமலேயே பொறி இயங்கி, விளக்கு எரியும். வரிசை கட்டி வரும் எறும்பும் இதையே செய்யும். தோல் நீக்கி அரைத்த வறுத்த நிலக்கடலை விழுதைப் பட்டாணி அளவுக்கு எடுத்து, பெட்டியின் கடைக்கோடியில், தகடுகளுக்கு அப்பால் தடவுங்கள். அந்த அளவைவிடக் கூடுதலாக வைத்தால் எலி உள்ளே முழுதாக நுழையாமல் வாயிலிலிருந்தே எட்டி எடுத்துவிடும். எறும்பு ஏறும் வீட்டில் இரையைத் தினமும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது செல். திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யும் செல்களைப் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். சாதாரண ஆல்கலைன் செல் ஒன்று 1.5 வோல்ட், நான்கு சேர்ந்தால் 6 வோல்ட். மின்னேற்றும் செல்லோ 1.2 வோல்ட்தான், நான்கு சேர்ந்தும் 4.8 வோல்ட்டுக்கு மேல் வராது. வலுவற்ற அதிர்ச்சி எலியைக் கொல்லாமல் துன்புறுத்தி விட்டுவிடும். ஒருமுறை அப்படித் தப்பிய எலி அந்தப் பெட்டிப் பக்கமே வராது. அரைகுறையாகக் கொல்லும் பொறியைவிடக் கொடுமையானது வேறில்லை என்பதால், செல் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவதாக, இடம். எலி திறந்த தரையின் நடுவே நடக்காது. மீசையும் உடலும் சுவரில் உரச, ஓரமாகவே ஓடும். சுவரில் அந்தப் பாதை நெடுகக் கறுத்த எண்ணெய்க் கறை தெரியும். பொறியைச் சுவரோடு ஒட்டி, அதன் வாயில் எலி வரும் திசையைப் பார்த்தபடி வைக்க வேண்டும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே நடமாடும். அதனால் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் எலிக்காக வாசல் ஓரத்தில் வைத்த பொறி ஒரு மாதமானாலும் காலியாகவே இருக்கும். இரண்டு இரவில் எதுவும் விழவில்லை என்றால் இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பொறிகளை ஒரே நேரத்தில் வைப்பது ஒன்றை மாதக்கணக்கில் வைப்பதைவிட நல்லது. ஏனென்றால் சுண்டெலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும். அவை ஆறு வாரத்தில் குட்டி போடத் தயாராகிவிடும்.

தகடுகளைத் துடைக்கும்போது செல்களைக் கழற்றிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் சிறிது ஸ்பிரிட் (ஆல்கஹால்) அல்லது கைக்குப் பூசும் சானிடைசர் திரவம் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இயக்குங்கள். நீரில் முக்கிக் கழுவிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்பவர் ஒருவர், கம்பி வலையில் வீட்டு மின்சாரத்தையே இணைத்துச் செலவில்லாமல் பொறி செய்து தருவதாகச் சொல்கிறார். செய்துகொள்ளலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கூடாது. எந்த நிலையிலும் கூடாது.

கடையில் வாங்கும் பொறியில் வோல்ட் அதிகம், வீட்டு மின்சாரத்தில் 230 வோல்ட்தானே என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஆபத்தைத் தீர்மானிப்பது வோல்ட் மட்டுமன்று. அதன் பின்னால் எவ்வளவு ஆற்றல் நிற்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதும்தான். நான்கு சிறிய செல்லில் அடங்கியுள்ள ஆற்றல் சொற்பம். அதுவும் மூடிய பெட்டிக்குள், சிறிது நேரம் பாய்ந்து தானே நின்றுவிடுகிறது. வீட்டு இணைப்பின் பின்னாலோ தெரு மின்மாற்றியே நிற்கிறது. மனித உடலில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே அன்று, அது எரியாமல் அப்படியே இருக்கும். மின்சாரம் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் கசிவுமின் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) பொருத்தாத வீடுகள் இன்னும் ஏராளம். பொருத்திய வீட்டிலும், இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டவரை அது காப்பாற்றாது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வெறுங்காலுடன் வரும் பெரியவரோ, விடியலில் விளையாட வரும் குழந்தையோ அந்த வலையை மிதிக்க ஒரு கணம் போதும்.

வயலில் எலிக்காகவும் காட்டுப்பன்றிக்காகவும் கட்டிய மின்கம்பியில் சிக்கி உழவர்கள் இறக்கும் செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. கம்பி கட்டியவரே மறந்துபோய் மிதித்து இறந்ததும் உண்டு. அப்படி மின்கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம். வேறொருவர் இறந்தால் கட்டியவர் மீது வழக்கு வரும். காவிரிப் படுகையில் மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி மின்சாரம் இல்லாமலே வயல் எலிகளைப் பிடித்துவந்திருக்கிறது. செலவு குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மரப்பலகையில் வில்கம்பி வைத்த சாதாரணப் பொறி மலிவாகவே கிடைக்கிறது.

கேள்வி: பசை அட்டை, மின்பொறி, கூண்டு – இவற்றில் எது எலிக்குக் குறைந்த துன்பம் தரும்? கொல்லத்தான் வேண்டுமா என்றும் மனம் உறுத்துகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உறுத்துவது நல்ல மனத்தின் அடையாளம். பசை அட்டையை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில், சில வேளை ஒரு நாளுக்கு மேலும், பசியிலும் தாகத்திலும் துடித்துச் சாகிறது. பல்லியும் குருவியும் அதில் மாட்டிக்கொள்கின்றன. இந்திய விலங்கு நல வாரியம் இதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2024 ஜூலை முதல் பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவது குற்றம். சரியாக இயங்கும் மின்பொறியிலும் வலுவான வில்பொறியிலும் சாவு விரைவில் நேர்கிறது. கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவது கருணையாகத் தோன்றினாலும், பழகாத இடத்தில் விடப்பட்ட எலி பெரும்பாலும் பிழைப்பதில்லை; அல்லது அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. கூண்டை வைத்துவிட்டு ஊருக்குப் போவதும் கொடுமைதான்.

கொல்ல வேண்டாம் என்று உண்மையாகவே விரும்பினால் எலி நுழையும் வழியை அடைத்துவிடுங்கள். 6 மி.மீ. இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் துளை, சுண்டெலிக்குப் போதும். ஏசி குழாய் வெளியேறும் துளை, எரிவாயுக் குழாய்க்காகச் சமையல் மேடையில் போட்ட துளை, துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய், கதவின் அடி இடைவெளி – இவற்றை இரவில் விளக்கை அணைத்து, மறுபக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். தெர்மோகோலும் நுரையும் அடைத்துப் பயனில்லை, கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரைத் துளையில் இறுக அடைத்து மேலே சிமெண்ட் பூசுங்கள். கதவடியில் அலுமினியப் பட்டை அறையுங்கள். சாக்கடைத் துளைக்கு நெருக்கமான இரும்பு வலை போடுங்கள். ஓட்டின் மேல் சாயும் மரக்கிளையை ஒரு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். உள்ளே இருப்பவற்றைப் பிடித்து முடிக்கும் வரை பொறியும் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: பிளக்கில் செருகினால் நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவி பயன் தருமா?
– வாசகர், மதுரை

பதில்: தராது. முதல் சில நாள் எலி மிரளலாம்; பிறகு அந்த ஒலிக்குப் பழகிவிடும். அந்த ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டிப் போகாது. அமெரிக்க வணிக ஆணையம் 2001இல் இத்தகைய கருவி விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சான்றில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்தில் சிமெண்ட் வாங்கலாம்.

கேள்வி: பொறியில் செத்த எலியை எப்படி அகற்றுவது? எலிக்காய்ச்சல் வரும் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கடலூர்

பதில்: முதலில் பொறியை நிறுத்துங்கள். கையுறை அணிந்து, பெட்டியைத் தலைகீழாகச் சாய்த்து எலியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விழச் செய்யுங்கள்; கையால் தொட வேண்டியதில்லை. தோட்டம் இருந்தால் பையில்லாமல் ஓரடி ஆழத்தில் புதைக்கலாம். இல்லையேல் இரண்டு பைகளில் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள். தெருவில் வீசுவது யாருக்கும் நல்லதன்று.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரால் வருகிறது. கால் வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக உடலில் புகுகிறது. எனவே செத்த எலியைவிட எலி ஓடிய இடம்தான் கவனத்துக்குரியது. புழுக்கையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால் தூசு மூக்கில் ஏறும். முதலில் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழந்துணியால் வழித்தெடுத்துத் துணியையும் எறிந்துவிடுங்கள். கடலூரில் மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் வெறுங்காலுடன் நடப்பது இன்னும் பெரிய ஆபத்து. அப்படி நடந்த பின், அல்லது வீட்டில் எலி இருக்கும் காலத்தில், கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் எலித் தொல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளிலேயே குணமாகக்கூடிய நோய் அது.