மோட்டார் சைக்கிளில் எலக்ட்ரானிக் குரூஸ் கண்ட்ரோல் பொருத்தலாமா?

பொருத்தலாம். நீங்கள் குறித்த வேகத்தை வண்டியே காப்பாற்றும் கருவி இது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும்போது, ஈப்போ தாண்டி மெனோரா மேட்டில் வேகம் குறைந்தால் சென்சார் சொல்லும், என்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டலைக் கருவி கூடுதலாகத் திறக்கும். வேகம் கூடினால் மூடும். தண்ணீர்த் தொட்டி மிதவை செய்யும் வேலைதான்.

கேபிளால் திராட்டலைத் திறக்கும் வண்டிக்கு, அந்தக் கேபிளை இழுக்கத் தனி மோட்டார் வேண்டும். பொருத்தியதும் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இறுகுகிறது. அப்படியே ஓட்டவே கூடாது. அப்புறம், பிரேக்கை லேசாகத் தொட்டாலே கருவி விடுபட வேண்டும்.

கைப்பிடியில் மாட்டும் மலிவான திராட்டல் லாக்கைப் பலர் குரூஸ் கண்ட்ரோல் என்றே நினைக்கிறார்கள். அது கைப்பிடியைத்தான் பிடிக்கும், வேகத்தை அல்ல.