வகுப்பறையில் டெக்னாலஜி: இலக்கு எழுதத் தவிக்கும் ஆசிரியர்களுக்குப் பதில்கள்

"தொழில்நுட்பத்தை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவீர்கள், இந்த வருடத்து இலக்கை எழுதிக் கொடுங்கள்" என்று ஜூன் மாதத்தில் ஒரு படிவம் வரும். அதைப் பற்றித்தான் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை ஆசிரியை: "ஸ்மார்ட் போர்டை வாரத்துக்கு 3 முறை பயன்படுத்துவேன்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா டீச்சர்?

போதாது. அதில் பிள்ளை எங்கே இருக்கிறது? 3 முறை போர்டைப் போட்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதையே பெரிய எழுத்தில் காட்டிவிட்டாலும் அந்த இலக்கு நிறைவேறிவிடும். வருடக் கடைசியில் பிள்ளை எதைத் தானாகச் செய்யும் என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் கருவியைத் தேடுங்கள். மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். "பல்பு எரியாத சுற்றைப் பார்த்து, தவறு எங்கே என்று பிள்ளை தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும்." இப்படி எழுதினால் என்ன தேவை என்பது உடனே தெரிந்துவிடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் மாதிரி இலவசமாக இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் தேவையில்லை. திரையில் வயரைத் தப்பாக மாட்டி, அதிக மின்னோட்டத்தில் பேட்டரி தீப்பிடிப்பதைப் பார்த்த பிள்ளை, மறுநாள் நிஜ பேட்டரியைக் கையில் எடுக்கும்போது எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்து எடுக்கும். அந்த மறுநாள் வகுப்பையும் இலக்கில் சேர்த்து எழுதுங்கள், திரையோடு நிறுத்த வேண்டாம்.

கருவி கொடுத்தாலே படிப்பு வந்துவிடும் என்பவர்களுக்கு யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கையைக் காட்டுங்கள். பெரு நாட்டில் 10 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்தும், கற்பிக்கும் முறையோடு அவற்றைச் சேர்க்காததால் கற்றல் கூடவில்லை என்று அதில் இருக்கிறது.

காசிமேடு ஆசிரியர்: பாடத்துக்கு ஏற்ற வீடியோ எங்கே கிடைக்கும்?

பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியீடு, டிக்‌ஷா, மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி. முதல் நாள் இரவே இறக்கி வையுங்கள். வகுப்பில் முழுதாக ஓட்ட வேண்டாம், 3 நிமிடத்தில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

எண்ணூர் ஆசிரியை: லேபில் நெட் ஓரளவு வரும். புவியியலுக்கு என்ன செய்யலாம் அக்கா?

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடக்கிறது. கூகுள் எர்த் ப்ரோவைக் கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடம் வருடமாக நகர்த்திப் பார்க்கும் வசதி உண்டு. எண்ணூர் கழிமுகத்துக்குப் போய், கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி நகர்த்துங்கள். அனல் மின் நிலையச் சாம்பல் எங்கே பரவியிருக்கிறது, சதுப்பு நிலம் எங்கே குறைந்திருக்கிறது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் சொல்லட்டும். எல்லையைச் சுற்றிக் கோடு போட்டால் பரப்பளவை அதுவே காட்டும், இரண்டு வருடங்களின் எண்களைக் கழிப்பது கணக்குப் பாடம். அப்புறம் வீட்டில் தாத்தா, ஆயாவிடம் போய், முன்பு இறால் எங்கே பிடித்தார்கள், இப்போது ஏன் அங்கே போவதில்லை என்று கேட்டுக் குரலைப் பதிவுசெய்து வரச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த படகுகளைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். நம்மை விட அதிகம் கேட்பார்கள்.

இலக்கை இப்படி எழுதலாம்: "தன் ஊரின் நிலம் எப்படி மாறியது என்பதைப் படம், எண், பேச்சு ஆகிய மூன்று சான்றுகளோடு பிள்ளை விளக்கும்." குரலை மட்டும் பதிவுசெய்தால் போதும், பெரியவர்கள், பிள்ளைகள் முகத்தை எங்கேயும் போடாதீர்கள்.

மணலி ஆசிரியர்: எந்த கம்பெனி போர்டு வாங்கலாம்?

எனக்கு அதில் அனுபவம் இல்லை. வாங்கிப் பயன்படுத்துகிற பள்ளியில் போய்ப் பாருங்கள்.

வியாசர்பாடி ஆசிரியை: பிள்ளைகளிடம் போன் இல்லை, வினாடி வினா எப்படி நடத்துவது?

பிளிக்கர்ஸ் என்ற செயலி. உங்கள் ஒரு போன் போதும். பிள்ளைகளிடம் குறியீடு அச்சிட்ட அட்டை இருக்கும், சரியென்று நினைக்கும் விடை மேலே வருமாறு திருப்பிப் பிடிப்பார்கள், நீங்கள் கேமராவைக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியும். என்ன விடை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால் கூச்சப்படும் பிள்ளையும் தூக்கிக் காட்டும்.

புளியந்தோப்பு ஆசிரியர்: எந்த ஆப் நல்ல ஆப்?

இதே கேள்வி இதற்குள் பலரிடமிருந்து வந்துவிட்டது. பாடம், வகுப்பு, பிள்ளை என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றையும் சொல்லாமல் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

திருவொற்றியூர் ஆசிரியை: தமிழ் டைப்பிங்கை இலக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள், அதுவும் தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் "அம்மா" வந்துவிடும், புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும்.

ராயபுரம், கல்லூரி மாணவர்: அக்கா, இந்தக் காலத்தில் யார் தட்டுகிறார்கள்? பேசினாலே போன் எழுதுகிறது. இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக வருகிறது.

தம்பி, ஆபீஸ் வேலைக்கு அது சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு? ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ரகரமா றகரமா, மூன்று சுழியா இரண்டு சுழியா என்பதைப் பட்டியல் போட்டு மெஷின் தருகிறது. தமிழ்99-இல் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி விசை, பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவெடுக்கும் பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

அவரே: எழுதவே வராத பிள்ளை கதை சொல்ல நினைத்தால்? அதன் வாயையும் அடைப்பீர்களா?

மாட்டேன். அந்தப் பிள்ளை பேசட்டும், போன் எழுதட்டும். நம் தெருப் பேச்சை அது பல நேரம் வேறு சொல்லாக மாற்றிவிடும், அந்தத் தப்புகளைப் பிள்ளை தன் கையால் திருத்தட்டும். கதையும் வரும், எழுத்தும் வரும். ஆனால் திருத்துகிற வேலையை விட்டுவிட்டு "குரலில் தட்டச்சு செய்வர்" என்று மட்டும் இலக்கு எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவரே: திருத்துவதற்கும் தமிழ்99 வேண்டுமா?

வேண்டும் தம்பி. இதற்கு மேல் இதைப் பேசினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியை: வீட்டுப்பாடத்தை வாட்ஸப் குழுவில் போடலாமா?

அந்த போன் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு விசைப்படகில் போய்விடும், இல்லையென்றால் அம்மா வேலை முடிந்து வர இரவாகும். கரும்பலகையிலும் எழுதிப் போட்டுவிடுங்கள், குழுவில் வருவது இரண்டாவது வழியாக இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், அந்தக் குழுவிலும் உங்கள் ஸ்டேட்டஸிலும் பிள்ளைகள் போட்டோ, மார்க் பட்டியல் வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் பள்ளியை நம்பித்தானே அனுப்புகிறார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்: கட்டுரையை ஏஐயிடம் வாங்கி எழுதி வருகிறார்கள், என்ன செய்வது?

"எண்ணூர் ஆற்றைப் பற்றி உன் ஆயா என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். அதற்கு அதனிடம் பதில் இருக்காது. பெரிய பிள்ளைகளிடம் அது எழுதிய பத்தியைக் கொடுத்து எங்கே தப்பு என்று தேடச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி.

பெரம்பூர் ஆசிரியை: இலக்கு நிறைவேறியது என்று எப்படிக் காட்டுவது?

வருடத் தொடக்கத்தில் அதே வேலையை ஒருமுறை செய்யச் சொல்லி எடுத்து வையுங்கள், மார்ச்சில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படிவத்தோடு கொடுங்கள். பிள்ளை பெயரை மறைத்துவிட்டுக் கொடுங்கள்.

எர்ணாவூர் ஆசிரியர்: எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தரவுத் தளம்) பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

வட்டார வள மையத்தில் கேளுங்கள் சார், அது என் கையில் இல்லை.