முள் விழுந்தால் இன்ஜினை இறக்க வேண்டுமா?

மண்டபத்திலிருந்து ஒருவர்: பழைய அம்பாசிடர். சூடானதும் ஆயில் பிரஷர் மீட்டர் முள் அடியில் படுத்துவிடுகிறது. சத்தம் எதுவும் இல்லை. பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கட்டுமா அண்ணே?

அவசரப்படாதீர்கள். ஆனால் உண்மை தெரியும்வரை வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

சூட்டில் ஆயில் இளகும். ஐடிலிங்கில் பிரஷர் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அடியிலேயே படுப்பது இயல்பு இல்லை. முதலில் டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். சரியாக இருந்தால், அடுத்து இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும், பிரஷரை மீட்டருக்குச் சொல்லும் சென்சார். பெரும்பாலும் அதற்குத் தனி எர்த் ஒயர் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடையாது, மரை வழியாகத்தான் எர்த். நம் கடல் காற்றில் அந்த மரை துருவேறும், பேட்டரியின் எர்த் பட்டையும் பச்சை பூத்துப்போகும். போதாக்குறைக்கு, கசிகிறதே என்று யாராவது டெஃப்லான் டேப்பை வேறு சுற்றியிருப்பார்கள், அதுவும் எர்த்தைத் தடுக்கும்.

சென்சார் உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு ஒயர் பிடியுங்கள். (பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துத் தொடுங்கள்.) முள் எழுந்தால் கோளாறு எர்த்தில். எல்லா மீட்டரும் இப்படிக் குறைத்துக் காட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சென்சாரின் ஓம் (மின்தடை) கூடக்கூட முள் ஏறும் வகையில், அதே துரு பிரஷரைக் கூட்டிக் காட்டும். எனக்கு அதுதான் அதிக பயம்.

இதற்கும் மசியவில்லையா? சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் (கரன்ட் இல்லாமல் பிரஷரை நேராகக் காட்டும் மீட்டர்) மாட்டி, இன்ஜின் சூடான பிறகு பாருங்கள். 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. அதிலும் குறைந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேஜே மாட்டாமல் இறக்கச் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: அரிச்சல்முனைக்கு ஆள் ஏற்றும் பழைய வேன். ஹெட்லைட் போட்டால் ஆயில், டெம்பரேச்சர், டீசல் மூன்று முள்ளும் சேர்ந்து இறங்குகின்றன.

மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது. டாஷ்போர்டு எர்த் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி முடுக்குங்கள். பிறகும் இறங்கினால் மீட்டருக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள். இன்ஜின் பக்கமே போக வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: பழைய ஜீப். ஸ்டார்ட் செய்து வெகுநேரம் கழித்தே முள் ஏறுகிறது. ஆயில் குழாய் மீட்டருக்கே வருகிறது.

அப்படியானால் அது மின்சார மீட்டரே இல்லை, எர்த்தைத் தேடி அலையாதீர்கள். அந்த மெல்லிய குழாயில் கசடு அடைத்திருக்கும். இரு முனையும் கழற்றி, டீசல் விட்டு ஊதுங்கள். விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்தால் சூடான ஆயில் காலில் கொட்டும்.

வாலிநோக்கத்திலிருந்து: உப்பு லோடு அடிக்கும் வண்டி. ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் சிவப்பு லைட் அணைவதே இல்லை. இன்ஜினில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கினால் அணைகிறது. அப்படியே விடலாமா சார்?

கூடாது. ஒயர் எங்கும் உரசி பாடியைத் தொடவில்லை என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. ஒன்று சுவிட்ச் உள்ளே ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் பிரஷர் நிஜமாகவே இல்லை. ஆயில் அளவு சரியாக இருந்தால் புது சுவிட்ச் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. அதற்குப் பிறகும் எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.