புதிய நகரத்தின் உணவகங்களையும் பகுதிகளையும் ஒரு தனித் திட்டமாக எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

புதிதாகக் குடிவந்த நகரத்தை வாரம் ஒரு உணவகம் என்ற கணக்கில் சுற்றிப் பார்க்க நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள். உணவகம் அதற்குப் பிறகு. ‘நகரத்தின் தலைசிறந்த 50 இடங்கள்’ மாதிரியான பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் நாலைந்து பகுதிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பட்டியல் போடுகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள், ஒருவர் பட்டியலைப் பார்த்துத்தான் இன்னொருவர் போடுகிறார்.

அடுத்து, எத்தனை முடியும் என்ற கணக்கு. வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 52. உடம்பு சரியில்லாத நாள், வெளியூர்ப் பயணம், வீட்டுக்கு ஆள் வந்த வாரம், கையில் காசில்லாத மாதக் கடைசி எல்லாவற்றையும் கழித்தால் 40 தேறும். அதில் 10-ஐ, பிடித்த இடத்துக்கு மறுபடி போவதற்கென்று இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். மீதி 30. ஏரியாவுக்கு 3 வீதம் 10 ஏரியாக்கள். ஓர் ஆண்டுக்கு இது தாராளமான வேலை. பெரிய நகரத்தில் உணவகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நீங்கள் ஒன்றை முடிப்பதற்குள் இரண்டு புதிதாகத் திறந்திருப்பார்கள். ‘எல்லாவற்றையும் பார்த்துவிடுவது’ என்று இலக்கு வைத்தால் முடிவே தெரியாது, முடிவு தெரியாத திட்டம் மூன்றாம் மாதம் தானாக நின்றுவிடும்.

எல்லையைச் சின்னதாக வைத்துக்கொள்வதற்கு இன்னொரு வழி, ஒரே ஒரு நீண்ட சாலையை எடுத்துக்கொள்வது. பின்னாளில் 2007-ல் புலிட்சர் பரிசு பெற்ற உணவக விமர்சகர் ஜொனத்தன் கோல்டு, இருபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸின் பிகோ பொலிவார்டு என்ற ஒரே சாலையில் இருந்த ஒவ்வொரு உணவகத்திலும் ஒரு தடவையாவது சாப்பிடுவது என்று இறங்கினார். நகர மையத்தில் தொடங்கிக் கடற்கரை வரை ஓடும் சாலை அது. இப்படி ஒரு சாலை வசதி குறைந்த பகுதி, வசதியான பகுதி, குடியேறிகள் பகுதி என்று பலவற்றைத் தைத்துக்கொண்டு போனால் பட்டியலே வேண்டாம், வரிசையில் போனால் போதும். உங்கள் ஊரில் அப்படி ஒரு சாலை இருந்தால் நான் அதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

எது கணக்கில் சேரும் என்பதையும் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். தள்ளுவண்டி சேருமா? பார்சல் வாங்கினால் சேருமா? தேநீர்க் கடை, பேக்கரி? பல கிளைகள் உள்ள நிறுவனம் என்றால் ஒரு கிளை மட்டும் போதும், மற்றவை வேண்டாம் என்பது என் கருத்து. தள்ளுவண்டியைக் கட்டாயம் சேருங்கள். பல பகுதிகளில் அதுதான் அந்த இடத்தின் உண்மையான சமையலறை. இந்த விதிகளை நடுவில் மாற்றிக்கொண்டே இருந்தால் சோம்பலாக இருக்கும் நாளில் பக்கத்துத் தெரு பர்கர் கடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி ஏரியாவை எப்படி வெட்டுவது? மாநகராட்சி வார்டு எல்லை இதற்கு உதவாது. ஒரே கடைத்தெருவின் இரண்டு ஓரங்களும் வேறு வேறு வார்டில் இருக்கக்கூடும். ரயில் நிலையத்தையோ பெரிய பேருந்து நிறுத்தத்தையோ நடுப்புள்ளியாக வையுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் போகலாம். 10 நிமிடம் என்றால் 800 மீட்டர். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் 2 சதுர கிலோமீட்டர் வரும், ஒரு மாலைக்கு இது மிக அதிகம். 400 மீட்டர் ஆரம் என்றால் அரை சதுர கிலோமீட்டர். இரண்டு தடவை நடந்தால் தெருக்கள் மனசில் பதிந்துவிடும். கூகுள் மேப்ஸைக் கணினியில் திறந்து, வரைபடத்தில் வலது சொடுக்குப் போட்டால் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ரயில் பாதையோ ஆறோ மேம்பாலச் சாலையோ ஓடினால் 300 மீட்டரில் தெரியும் இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தடை வந்தால் அதையே ஏரியாவின் எல்லையாக்கிவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்களும் வேறு, கடைகளும் வேறாகத்தான் இருக்கும்.

எந்த ஏரியாவில் கடைகள் அடர்த்தி என்று பார்க்க ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தரவு உதவும். ஓவர்பாஸ் டர்போ என்ற இணையதளத்தில் அந்தப் பகுதியைத் திரையில் வைத்து, உணவகங்களைத் தேடச் சொன்னால் பதிவாகியிருப்பவை எல்லாம் புள்ளிகளாக விழும். தன்னார்வலர்கள் சேர்த்த தரவு என்பதால் விட்டுப்போனவை நிறைய இருக்கும். சிறு கடைகளும் வண்டிகளும் பல இடங்களில் இருக்கவே இருக்காது. எங்கே கூட்டம், எங்கே வெறிச்சோடி இருக்கிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியாக்களின் வரிசையில் ஒரு விஷயம்: தூரமானதை முதலில் வையுங்கள். ஆரம்ப உற்சாகம் இருக்கும்போதுதான் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து போய்ச் சாப்பிட மனசு வரும். வீட்டுப் பக்கத்துக் கடைகளுக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள்.

இப்போது ரேட்டிங். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 12 பேர் மதிப்பிட்ட 4.9-ஐயும் 900 பேர் மதிப்பிட்ட 4.3-ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது. அந்த 12-ல் பாதி, முதலாளியின் உறவுக்காரர்களாக இருக்கலாம். எளிய திருத்தம் ஒன்று உண்டு: ஒவ்வொரு கடைக்கும் நகரத்தின் சராசரியில் (4.0 என்று வைத்துக்கொள்வோம்) 50 கற்பனை வாக்குகளைச் சேர்த்துவிட்டு மறுபடி சராசரி எடுங்கள். முதல் கடை: 12 பெருக்கல் 4.9, கூட்டல் 50 பெருக்கல் 4.0, வகுத்தல் 62. விடை 4.17. இரண்டாவது கடைக்கு இதே கணக்கில் 4.28. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். அந்த 50-ஐயும் 4.0-ஐயும் உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணைவிட ரிவ்யூக்களை வரிசைப்படுத்தும் விதம் முக்கியம். ‘புதியவை முதலில்’ என்று மாற்றிக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். சமையல்காரர் போய்விட்டாலோ முதலாளி மாறிவிட்டாலோ பழைய 4.5 அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ‘டெலிவரி லேட்’ என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை ஒதுக்குங்கள். உட்கார்ந்து சாப்பிடப்போகும் உங்களுக்கு அது சம்பந்தமில்லை. ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திர ரிவ்யூக்கள் குவிந்து, எல்லாவற்றிலும் ஒரே சர்வரின் பெயர் வந்தால் கேட்டு வாங்கிய ரிவ்யூ என்று எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் போட்ட படங்களில் மெனு அட்டையின் படத்தைத் தேடுங்கள்: விலையும் தெரியும், எத்தனை வகை என்பதும் தெரியும். சின்னக் கடை ஒன்று நான்கு நாட்டுச் சமையலை 150 வரிகளில் போட்டிருந்தால் பாதிக்கு மேல் ஃப்ரீசரிலிருந்து வருகிறது என்று சந்தேகப்படலாம். சுற்றுலா இடத்தை ஒட்டிய கடைகளுக்கு வேறு சிக்கல். மறுபடி வராத ஆட்களை நம்பியே வியாபாரம் ஓடுவதால் அவர்களுக்கு உணவு சுமாராக இருந்தாலே போதும்.

முதல் தடவை சாப்பிடப் போகாதீர்கள், நடக்கப் போங்கள். பெரிய சாலை வழியாகப் போய், அதற்கு இணையாக ஓடும் பின் தெரு வழியாகத் திரும்புங்கள். மூலைக்கடைக்கு வாடகை அதிகம், அது பில்லில் ஏறும். இரண்டாவது சந்தில் இருக்கும் கடை அங்கே பிழைத்திருக்கிறது என்றால் தேடி வரும் ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அலுவலகப் பகுதி மதியம் கொதிக்கும், விடுமுறை நாளில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகள் விடியலுக்கு முன்பே தொடங்கி மதியத்தோடு முடித்துவிடும். மருத்துவமனை வாசலில் நேரங்கெட்ட நேரத்திலும் ஏதாவது கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் சமையலைத் தேடுகிறீர்களா? உணவகத்தைத் தேடும் முன் அவர்களுடைய மளிகைக்கடை எங்கே என்று பாருங்கள், அதிலிருந்து ஐந்து நிமிட நடையில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். கல்லாவில் இருப்பவரிடமே கேட்டாலும் சொல்வார்.

ஒவ்வொரு ஏரியாவுக்கும் மூன்று பெயர்களைக் கைவசம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் கடை பூட்டியிருக்கும், இரண்டாவதில் வரிசை நிற்கும். பசியோடு தெருவில் நின்று போனை நோண்டி எடுக்கும் முடிவு அநேகமாக ஏதாவது ஒரு கிளை நிறுவனத்தில்தான் போய் முடியும். வார விடுமுறை எந்தக் கிழமை என்பதையும், திரும்பி வரக் கடைசி ரயிலோ பேருந்தோ எத்தனை மணிக்கு என்பதையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். திறந்து ஒரு மாதம்கூட ஆகாத கடையைத் தள்ளிவையுங்கள். சமையலறையும் சர்வர்களும் இன்னும் பழகியிருக்க மாட்டார்கள்.

போகும் நேரம்: கூட்டம் உச்சத்துக்குப் போவதற்கு அரை மணி முன்பு. உணவு புதிதாக இருக்கும், சர்வருக்கு உங்களோடு பேச நேரமும் இருக்கும். “எது நல்லா இருக்கும்?” என்று கேட்டால் “எல்லாமே நல்லா இருக்கும் சார்” என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு எது அதிகமாப் போகுது?” என்று கேளுங்கள், பெயரோடு பதில் கிடைக்கும். மொழி தெரியாத ஊரென்றால் பக்கத்து மேசையைக் காட்டி ‘அதே மாதிரி’ என்று சொல்லவும், எண்களைச் சொல்லவும், ‘இது போடாமல்’ என்று சொல்லவும் கற்றுக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். ஒவ்வாமை இருந்தால் மட்டும் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், உள்ளூர் மொழியில் எழுதிய துண்டுச்சீட்டைக் காட்டுங்கள். ஒரே வகைச் சமையலில் பல கடைகளை ஒப்பிட வேண்டுமானால் அதிலுள்ள மிக எளிய பண்டத்தை எல்லா இடத்திலும் வாங்குங்கள். மசாலாவுக்கும் எண்ணெய்க்கும் பின்னால் ஒளிய முடியாத பண்டமாக இருக்க வேண்டும். தனியாகப் போனால் இரண்டு வகைக்கு மேல் ஏறாது. நாலு பேர் போனால் ஆறு வகை பார்க்கலாம், ஆனால் நாலு பேருடைய நேரமும் ஒத்துவரும் என்று காத்திருந்தால் மாதம் ஒன்றுகூட நடக்காது.

சமைத்து அடுக்கி வைத்திருக்கும் இடங்களில் ஒரு கவனம். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும், சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தெர்மாமீட்டரோடு போக முடியாது. ஆவி வருகிறதா, தட்டு சீக்கிரம் காலியாகி மறுபடி நிறைகிறதா என்று பார்த்தால் போதும்.

குறிப்பெடுப்பதில் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடாதீர்கள். நாலைந்து வாரத்தில் எல்லாமே 7 ஆகிவிடும். ‘மறுபடி போவேன்’, ‘யாராவது கூப்பிட்டால் போவேன்’, ‘போக மாட்டேன்’ என்ற மூன்று பெட்டி போதும். தேதி, கிழமை, உள்ளே போன நேரம், ஏரியா, சாப்பிட்டது, தலைக்கு எவ்வளவு ஆனது, அடுத்த தடவை என்ன வாங்குவது, ஒரு வரிக் கருத்து. ஸ்ப்ரெட்ஷீட்டில் கடையின் பெயர், முகவரியோடு இந்த எட்டு கட்டங்களும் பெட்டியும் இருந்தால் நிறைவு. அதற்கு மேல் கட்டம் வைத்தால் நிரப்ப மாட்டீர்கள். அன்றிரவே எழுதுங்கள். பெயர்ப்பலகையையும் மெனுவையும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; போனில் இருப்பிடப் பதிவு இயங்கினால் இடமும் சேர்ந்து பதிவாகிவிடும்.

கூகுள் மேப்ஸில் சேமிக்கும் பட்டியலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதைத் தரவிறக்கினால் பெயர், குறிப்பு, சுட்டி மாதிரி சிலவே கிடைக்கும், அட்சரேகை தீர்க்கரேகை வராது. சொந்த வரைபடம் போட கூகுளே தரும் மை மேப்ஸ் என்ற சேவையில் உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டையே நேரடியாக ஏற்றலாம். ஒரு வரைபடத்துக்கு 10 அடுக்குகள் வரை அனுமதி, ஏரியாவுக்கு ஓர் அடுக்கு என்று வைத்தால் மேலே சொன்ன 10 ஏரியாவும் அடங்கிவிடும்.

மறுபடி போகும் அந்த 10 தடவையை எப்போது செலவிடுவது என்பது நீங்கள் அந்த ஊரில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து ஆண்டு இருப்பீர்கள் என்றால் முதல் ஆண்டின் முற்பாதியில் புதியதையே பாருங்கள், கண்டுபிடித்த நல்ல கடை மிச்ச காலம் முழுக்கப் பயன்படும். ஆறு மாத ஒப்பந்த வேலை என்றால் மூன்றாம் மாதத்திலிருந்தே பிடித்த இடங்களுக்குத் திரும்பத் தொடங்குங்கள். இணையத்தில் சிலர் இதற்கு 37 சதவீத விதியைச் சொல்வார்கள், அதாவது முதல் 37 சதவீதத்தைச் சும்மா பார்த்துவிட்டு அதன்பின் வரும் மேலானதைப் பிடித்துக்கொள்வது. வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரியான தேர்வில், ஒருமுறை வேண்டாம் என்று அனுப்பியவரிடம் திரும்பப் போகவே முடியாது என்ற நிபந்தனையில் போட்ட கணக்கு அது. உணவகத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதால் இங்கே பொருந்தாது.

திரும்பப் போகும்போது வேறு நேரத்தில் போங்கள். இரவில் பார்த்த கடையைக் காலையில் பாருங்கள். பல இடங்களில் சமையல்காரர், கூட்டம், மெனு மூன்றுமே மாறியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷீட்டைத் திறந்து மூடிப்போன கடைகளைக் குறியுங்கள். வரியை அழித்துவிட வேண்டாம், அதே முகவரியில் அடுத்து யார் வந்தார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஓர் இடத்தில் இரண்டு கடைகள் அடுத்தடுத்து மூடியிருந்தால் மூன்றாவது கடைக்கு அவசரப்பட்டுப் போகாமல் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்.