மகன் சொல்லும் முரண், அம்மா சொல்ல வேண்டிய பதில்

கேள்வி: என் மகன் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்றும் சொல்கிறேன், "தப்பென்று பட்டால் துணிந்து சொல்" என்றும் சொல்கிறேனாம். "ரெண்டும் முரண், அதனால நீங்க சொல்ற எதையும் நான் ஏத்துக்கத் தேவையில்ல" என்கிறான். சாப்பிடும்போது கைப்பேசி வேண்டாமென்றால், "நீங்களே பாக்குறீங்களே" என்கிறான். போன வாரம் "இந்த வாக்கியம் பொய்" என்று தாளில் எழுதி, உண்மையா பொய்யா என்று கேட்டான். வாயடைத்துப் போனேன். என்ன பதில் சொல்வது?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் மகன் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டு கூற்றுகள் முரண்பட வேண்டுமானால் அவை ஒரே பொருளைப் பற்றி, ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் பேச வேண்டும். அரிஸ்டாட்டில் வைத்த நிபந்தனை இது. "தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழி", "தமிழ் சிங்கப்பூரின் தேசிய மொழி அல்ல" இரண்டுமே உண்மை. ஆட்சிமொழிகள் நான்கு, தேசிய மொழி மலாய் மட்டும். கோணம் வேறு என்பதால் முரண் இல்லை. "நீங்க எப்பவும் திட்டுறீங்க", "நான் திட்டுறதே இல்ல" என்ற சண்டையிலும் ஒன்று உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டுமே பொய்யாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். "எப்பவும்" என்பதை மறுக்கத் திட்டாத ஒரு நாளைக் காட்டினால் போதும்.

உங்கள் இரண்டு அறிவுரைகளும் கட்டளைகள். கட்டளை உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது. ஆகவே கேட்க வேண்டியது: இரண்டையும் சேர்ந்தாற்போல் கடைப்பிடிக்க முடியாத நிலைமை உண்டா? நான்கு நிலைமைகளை எழுதிப் பாருங்கள். பெரியவர் சரியாகச் சொல்கிறார், பெரியவர் தப்பாகச் சொல்கிறார், நண்பன் சரியாகச் சொல்கிறான், நண்பன் தப்பாகச் சொல்கிறான். மோதல் இரண்டாவதில் மட்டுமே வருகிறது. அங்கே அது உண்மையான மோதல்தான், மழுப்பாதீர்கள். ஒரு கட்டளையைத் திருத்தத்தான் வேண்டும். "பெரியவர் தப்பாகச் சொன்னால் நாலு பேர் முன்னால் வேண்டாம், பிறகு தனியாக, காரணத்தோடு சொல்" என்று திருத்தினால் மோதல் போய்விடும். மற்ற மூன்று நிலைமைகளுக்கும் பழைய சொற்களே போதும்.

"அதனால எதையும் ஏத்துக்கத் தேவையில்ல" என்ற தாவலில்தான் அவர் சறுக்குகிறார். முரணை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்கே செய்து காட்டுங்கள். "பஸ் வந்தது", "பஸ் வரவில்லை" இரண்டும் உண்மை என்று கொள்வோம். பஸ் வந்தது உண்மையென்றால் "பஸ் வந்தது அல்லது செந்தோசா ஜோகூரில் இருக்கிறது" என்பதும் உண்மை, ஏனெனில் "அல்லது" வாக்கியத்தில் ஒரு பாதி சரியாக இருந்தாலே போதும். ஆனால் பஸ் வரவில்லை. அப்படியானால் முதல் பாதி விழுந்துவிட்டது, செந்தோசா ஜோகூரில்தான். முரணிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம் என்பதால்தான் தருக்க நூலார் அதைக் கண்ட இடத்தில் களைகிறார்கள். இரண்டில் ஒன்றாவது தப்பு என்று மட்டுமே முரண் சொல்லும். எது தப்பு என்று சொல்லாது. நீங்கள் சொல்லும் மற்றவற்றை அது தொடுவதே இல்லை.

கைப்பேசி விஷயத்தில் முரண் ஏதுமில்லை. நீங்கள் மீறுவதால் விதி தப்பாகிவிடாது. ஆனாலும் அவருடைய குறை நியாயமானது. சாப்பாட்டு மேசைக்கு வரும்முன் உங்கள் கைப்பேசியை அறையில் வைத்துவிடுங்கள்.

இனி அந்தத் தாள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதக் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது, தன் சொல்லே தன்னோடு மாறுபடும் கூற்றுக்கு "என் தாய் மலடி" என்பதைக் காட்டுகிறார். அதைப் பொய் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. "இந்த வாக்கியம் பொய்" அப்படி முடிவதில்லை. உண்மை என்று கொண்டால் அது சொல்வது நடக்க வேண்டும், ஆகவே பொய். பொய் என்று கொண்டால் அது சொல்வதுதான் நடந்திருக்கிறது, ஆகவே உண்மை. எந்தப் பக்கமும் நிற்க இடமில்லாத இதைத்தான் முரண்புதிர் என்கிறோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவ அறிஞர் யூபுலிடீஸ் காலத்திலிருந்து இது பேசப்படுகிறது.

"தன்னைப் பற்றித் தானே பேசுவதுதான் கோளாறு" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன" என்பதும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது, எண்ணிப் பாருங்கள், உண்மை. "உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை" என்று தப்பிக்கவும் முடியாது. உடனே அவர் "இந்த வாக்கியம் உண்மையல்ல" என்று மாற்றி எழுதுவார். இரண்டும் இல்லை என்றால் அது உண்மையல்ல, அது சொல்வதும் அதைத்தான், மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

போலந்துத் தருக்க அறிஞர் ஆல்பிரட் டார்ஸ்கி 1933இல் தந்த வழி, ஒரு மொழியின் வாக்கியங்களை உண்மை, பொய் என்று தீர்ப்பிடும் வேலையை அதற்கு மேலடுக்கிலுள்ள இன்னொரு மொழிக்குக் கொடுப்பது. கணிதத்துக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. நாம் பேசும் தமிழில் அப்படி அடுக்குகள் கிடையாது. ஆகவே அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த தீர்வு இல்லை என்று மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள். கூடவே ஓர் அட்டையைக் கொடுங்கள். முன்பக்கம் "பின்பக்கத்தில் உள்ள வாக்கியம் உண்மை" என்றும் பின்பக்கம் "முன்பக்கத்தில் உள்ள வாக்கியம் பொய்" என்றும் எழுதியிருக்கட்டும். இரண்டில் எதுவும் தன்னைப் பற்றிப் பேசவில்லை. சிக்கல் எங்கே நுழைந்தது என்று அவர் தேடட்டும்.