எட்டு வயது மகளுடன் காட்டில் ஓர் இரவு

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் எட்டு வயது மகளை அழைத்துச் சென்று, ஏதேனும் ஒரு தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க விரும்புகிறேன். எங்கே போகலாம்? எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும்?

பதில்: முதலில் அனுமதி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; விரும்பிய இடத்தில் கூடாரம் அடிப்பதற்கு வழியே இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத் தீ, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காய்ந்த புல் மண்டிய சரிவில், காற்றின் துணையோடு மேல்நோக்கி ஏறும் தீயைப் பெரியவர்களாலேயே ஓடி முந்த முடியாது என்பதால், பிப்ரவரி முதல் மே வரை குழந்தையை மலைக்காட்டுக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம் என்பேன். நீங்கள் எண்ணியுள்ள டிசம்பர் இறுதி பொருத்தமான காலம்.

இடம் என்றால், உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளியை அடைந்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குச் செல்லுங்கள். பகலில் வனத்துறை வழிகாட்டியுடன் நடக்கலாம். ஏரியில் படகிலும் போகலாம். காட்டுக்குள் கூடாரத்தில் தங்கும் ஏற்பாட்டையும் துறையே நடத்துகிறது. குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். அவளுக்கு அனுமதி இல்லை என்றால் வற்புறுத்தாமல் குமுளியிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். அவளுக்கு அதுவும் காட்டுப் பயணம்தான்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரவு கூடாரத்தில் படுத்துப் பாருங்கள். நள்ளிரவில் அவளே ஜிப்பைத் திறந்து, டார்ச்சை எடுத்து, செருப்பை உதறிப் போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். செருப்பை உதறுவது தேளுக்காக. இருட்டில் உங்களை எழுப்பத் தயங்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அப்பா தூங்கட்டும் என்று அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காப்பகம் இருக்கும் தேக்கடி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மதுரைக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம் தேவை.

வாழைப்பழம், வெல்லம் சேர்த்த பண்டம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். யானையின் மோப்பம் நெடுந்தூரம் எட்டும். அவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும், மற்ற நேரத்தில் ஊதவே கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

பலரும் அட்டைக்கு அஞ்சுகிறார்கள். அது ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். நான் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு. புல்தரையில் விரிப்பின்றி உட்காரவோ, துணிகளைப் புதரில் காயப்போடவோ வேண்டாம். ஒவ்வொரு மாலையும் அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுமடலின் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு அந்த நோயின் தடயம். அது வலிக்காது என்பதால் குழந்தை சொல்லாது. வீடு திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டி, காட்டுக்குப் போய்வந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.