இரவில் ஸ்டேஷனில் வைக்கப்பட்ட தம்பி

கேள்வி: நாங்கள் விழுப்புரம் மாவட்ட இருளர்கள். ஒரு திருட்டு வழக்கில் சந்தேகம் என்று என் 16 வயதுத் தம்பியைப் போலீசார் இரவில் அழைத்துப்போய், விடியும்வரை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். திரும்பவும் வரச் சொல்கிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சொன்னால், "அது போலீஸ் விஷயம், நாங்கள் தலையிட முடியாது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த அலுவலகம் சொன்னது தவறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 107-ன்படி மாவட்டந்தோறும் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவு உண்டு. அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும், ஒருவர் பெண். ஆக, அந்தப் பணியாளர்களைத் தர வேண்டிய குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் வருவது தலையீடு ஆகாது, கடமை.

"சும்மா விசாரணைக்குத்தான்" என்பார்கள். ஒரு பிள்ளையை இரவு முழுக்க வெளியே விடாமல் வைத்திருந்தால் அது பிடித்து வைத்ததுதான். பிடித்தால் லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள், 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும், பிள்ளையின் பின்னணியை விசாரித்துக் குழுமத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் போக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வயதுதான். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போய்ப் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்குக் கையில் காகிதம் இருக்காது. ஆள் உயரமாக இருந்தால் 19 என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் எல்லாமே பெரியவர்களுக்கான வழக்காகப் போகும். பிரிவு 94-ன்படி முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று. அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து அல்லது நகராட்சி பிறப்புச் சான்று. இரண்டும் இல்லை என்றால்தான் எலும்புப் பரிசோதனை, அதுவும் ஓரிரு வருடம் முன்பின் காட்டும். தம்பி இரண்டாம் வகுப்போடு நின்றிருந்தாலும் அந்தப் பள்ளியில் பதிவு இருக்கும். இன்றே போய்க் கேளுங்கள்.

வரச் சொன்னால் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். அப்பாவோ அம்மாவோ கூடப் போகட்டும். ஸ்டேஷனில் பிள்ளைகள் விஷயத்துக்கென்று இருக்கும் குழந்தை நலக் காவல் அலுவலர்தான் பேச வேண்டும் என்று கேளுங்கள். எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வேண்டாம். அதற்கு முன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்து நடந்ததைப் பதிவு செய்யுங்கள்.

பொய் வழக்கு போட்டால், அதைக் குற்றமாக்கும் எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(p) இருக்கிறது. அதை டிஎஸ்பி நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இப்போதைக்கு, நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி எஸ்பிக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். வாயால் மறுத்தவர்கள் எழுத்தில் மறுக்க யோசிப்பார்கள்.